உதவித்தொகையை நம்பி எர்லி டிசிஷன் படிவத்தில் கையெழுத்திடலாமா?

நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு தாய் அனுப்பிய நீண்ட கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

கணவர் எச்-1பி விசாவில் பணிபுரியும் மென்பொருள் பொறியாளர். கிரீன் கார்டு வரிசையில் பதினோரு ஆண்டுகளாகக் காத்திருக்கிறார்கள். கடிதம் எழுதிய தாயும், எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் கிடைக்கும் வேலை அனுமதியில் பணிபுரிந்துவந்தார்; 2025 மார்ச்சில் அந்த வேலை போய்விட்டது. 2024இல் இருவருடைய வருமானமும் சேர்ந்து ஒரு லட்சத்து 88 ஆயிரம் டாலர்; இப்போது கணவருடைய ஒரு லட்சத்து 20 ஆயிரம் மட்டுமே. அமெரிக்காவில் பிறந்த மகள் பன்னிரண்டாம் வகுப்பிலும் மகன் ஒன்பதாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். சொந்த வீடு இருக்கிறது, கடன் போக அதில் ஏறத்தாழ இரண்டு லட்சத்து 60 ஆயிரம் டாலர் தேறும். சென்னையில் இருவர் பெயரிலும் ஓர் அடுக்ககக் குடியிருப்பு வாடகைக்கு விடப்பட்டுள்ளது. கும்பகோணத்தில் இருக்கும் மாமனார் மாமியாருக்கு மாதந்தோறும் பணம் அனுப்புகிறார்கள்.

மகள் ஆண்டுக்கு 92,000 டாலர் செலவாகும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு 2025 நவம்பர் 1க்குள் எர்லி டிசிஷன் முறையில், அதாவது இடம் கிடைத்தால் சேர்ந்தே தீர்வேன் என்ற ஒப்பந்தத்தோடு முன்கூட்டியே, விண்ணப்பிக்க விரும்புகிறார். உதவி போகக் குடும்பம் கட்ட வேண்டிய தொகையை மதிப்பிடும் பல்கலைக்கழகத்தின் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் இப்போதைய வருமானத்தை இட்டுப் பார்த்தபோது 31,000 டாலர் என்று வந்திருக்கிறது. குடும்பத்தால் ஆண்டுக்கு 30,000 கட்ட முடியும். "கணக்கு ஏறக்குறையப் பொருந்துகிறது, கையெழுத்திடலாமா?" என்பது முதன்மையான கேள்வி. பணம் போதவில்லை என்றால் விலகிக்கொள்ளலாம் என்று தமிழ்ப் பள்ளியில் சந்திக்கும் பெற்றோர் சொல்கிறார்களாம். உதவி வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் இடம் கிடைக்காது, இடம் கிடைத்த பிறகு கேட்கலாம் என்பது கணவரின் கருத்து. தங்களிடம் கிரீன் கார்டு இல்லாததால் மகளுக்கு உதவி மறுக்கப்படுமோ என்ற அச்சமும் கடிதத்தின் இறுதியில் இருந்தது.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி அச்சத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன், ஏனெனில் அதற்கான பதில் எளிமையானது. கூட்டாட்சி அரசின் உதவிக்கான ஃபாஃப்சா படிவத்தில் பார்க்கப்படுவது மாணவரின் குடியுரிமை நிலையே தவிர பெற்றோரின் விசா அன்று. உங்கள் மகள் அமெரிக்கக் குடிமகள். எனவே அவர் ஃபாஃப்சா நிரப்பலாம், தனியார் பல்கலைக்கழகங்களும் அவரை உள்நாட்டு மாணவராகவே கருதும். இந்தியாவில் பிறந்து எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களுக்குக் கூட்டாட்சி உதவி கிடையாது, பல கல்லூரிகள் அவர்களைப் பன்னாட்டு மாணவர் பட்டியலில் வைத்து, பணத் தேவையையும் கணக்கில் எடுத்தே சேர்க்கையை முடிவு செய்கின்றன. உங்கள் நண்பர்கள் யாரேனும் அந்த அனுபவத்தை உங்களிடம் சொல்லியிருக்கலாம்.

ஆனால் உங்கள் விசா நிலை வேறோர் இடத்தில் குறுக்கே வருகிறது, அதை யாரும் உங்களுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. பிள்ளையின் படிப்புக்காகப் பெற்றோர் அரசிடம் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனைப் பெற, கடன் வாங்கும் பெற்றோர் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ அதற்கு இணையான தகுதியுடையவராகவோ இருக்க வேண்டும். எச்-1பி, எச்-4 விசாக்கள் போதா. 2026 ஜூலை 1 முதல் அந்தக் கடனுக்கும் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பு வருகிறது. மற்ற குடும்பங்கள் துண்டு விழும் தொகைக்குப் பெற்றோர் கடனை நம்பிக் கையெழுத்திடலாம், உங்களுக்கு அந்த வழி இல்லை. மகள் தன் பெயரில் முதலாண்டில் வாங்கக்கூடிய கூட்டாட்சிக் கடன் வழக்கமாக 5,500 டாலர்; பெற்றோருக்குப் பிளஸ் கடன் பெறும் தகுதி இல்லாதபோது உதவி அலுவலகம் ஒப்பினால் அது 9,500 வரை உயரலாம். நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து வழக்கமான வரம்பு 27,000. அதற்கு மேல் தேவைப்பட்டால் வங்கியின் தனியார் கடன்தான், அதற்குக் குடிமகனோ நிரந்தர வசிப்பாளரோ ஒருவர் இணைக் கையெழுத்திட வேண்டும் என்று பெரும்பாலான வங்கிகள் கேட்கும். எனவே உங்கள் குடும்பத்துக்கு 5,000 டாலர் துண்டு விழுந்தாலும் அது பெரிய துண்டு.

கையெழுத்து எதைக் கட்டுப்படுத்துகிறது?

எர்லி டிசிஷன் ஒப்பந்தத்தில் மாணவர், பெற்றோர், பள்ளி கவுன்சிலர் ஆகிய மூவரும் கையெழுத்திடுகிறார்கள். இடம் கிடைத்தால் சேர்வேன், மற்ற விண்ணப்பங்கள் அனைத்தையும் திரும்பப் பெறுவேன் என்பது அதன் உள்ளடக்கம். நவம்பரில் விண்ணப்பித்தால் டிசம்பர் நடுவில் முடிவு வரும், முன்பணம் பெரும்பாலும் ஜனவரி தொடக்கத்திலேயே கட்ட வேண்டியிருக்கும். உதவி கோரி விண்ணப்பித்த மாணவருக்கு, சேர்வதைச் சாத்தியமாக்கும் அளவுக்கு உதவி வழங்கப்படாவிட்டால், அவர் இடத்தை மறுத்து ஒப்பந்தத்திலிருந்து விடுபடலாம் என்பது இம்முறையில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட விதி. ஆகவே தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் சொல்வது பொய்யன்று. ஆயினும் அவர்கள் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு.

விடுவிப்பு உண்டு என்றாலும், "சாத்தியமாக்கும் அளவு" எது என்பதில் உங்களுக்கும் கல்லூரிக்கும் கருத்து வேறுபடும். முழுத் தேவையையும் நிறைவு செய்வோம் என்று ஒரு கல்லூரி வாக்களிக்கும்போது, அந்தத் தேவையை அளப்பது கல்லூரியின் சொந்த வாய்பாடு. உங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் போட்ட கணக்கு அங்கே செல்லாது. 45,000 டாலர் உங்களால் கட்ட முடியும் என்று அவர்கள் முடிவு செய்து மீதி முழுவதையும் மானியமாகக் கொடுத்தால், அவர்கள் பார்வையில் வாக்கு நிறைவேறிவிட்டது. அப்போது நீங்கள் உதவி அலுவலகத்திடம் மறுபரிசீலனை கேட்க வேண்டும், அவர்கள் எண்ணை மாற்றாவிட்டால் விடுவிப்புக் கேட்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் விடுவித்துவிடுவார்கள். அதற்குள் கிறிஸ்துமஸ் விடுமுறை வந்துவிடும், மற்ற கல்லூரிகளின் ஜனவரி இறுதி நாள்களும் நெருங்கிவிடும்.

இந்த ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் வழக்கறிஞர் அல்லன். சேர மறுத்த மாணவர்மீது வழக்குத் தொடுத்துக் கட்டணம் வசூலிப்பது கல்லூரிகளின் வழக்கமன்று, இது நம்பிக்கையின்மேல் நிற்கும் ஏற்பாடு என்று மட்டும் சொல்வேன். அந்த நம்பிக்கை முறிந்தால் அதன் விலையைப் பெரும்பாலும் பள்ளி கவுன்சிலரும் அடுத்த ஆண்டு மாணவர்களும் கொடுக்கிறார்கள். முந்தைய ஆண்டில் ஒரு மாணவர் விலகியதைக் காரணம் காட்டி, கொலராடோவிலுள்ள ஒரு தனியார் பள்ளியின் மாணவர்களிடமிருந்து ஓராண்டுக்கு எர்லி டிசிஷன் விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்று டுலேன் பல்கலைக்கழகம் முடிவு செய்தது 2025இல் செய்தியானது. இந்த முறையே போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று அதே ஆண்டு ஆகஸ்டில் பல தனியார் கல்லூரிகள்மீது மாசசூசெட்ஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. அதன் முடிவு எதுவாக இருந்தாலும் உங்கள் மகளின் விண்ணப்பத்துக்கு உதவும் காலத்தில் வராது. பணக் காரணத்தால் ஆவணங்களோடு நேர்மையாக விடுவிப்புக் கேட்பவருக்குப் பொதுவாக இத்தகைய தண்டனை வருவதில்லை. விலகிக்கொள்ளலாம் என்ற எண்ணத்துடனேயே கையெழுத்திடுவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன்.

31,000 டாலர் எங்கிருந்து வந்தது?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் இதுதான். கால்குலேட்டரில் இப்போதைய வருமானமான ஒரு லட்சத்து 20 ஆயிரத்தை இட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 2026 இலையுதிர் காலத்தில் சேரும் மாணவருக்கு, ஃபாஃப்சாவும், பல தனியார் கல்லூரிகள் தம் சொந்த மானியத்துக்காகக் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் படிவமும் அடிப்படையாகக் கொள்வது 2024ஆம் ஆண்டின் வரிக் கணக்கை. அந்த ஆண்டில் உங்கள் வருமானம் ஒரு லட்சத்து 88 ஆயிரம். கூட்டாட்சி வாய்பாட்டின் உயர்ந்த படியில், வரியும் வாழ்க்கைச் செலவுக்கான கழிவும் போக மிஞ்சும் ஒவ்வொரு டாலரிலும் 47 சென்ட் வரை கல்விக்கு என்று எடுக்கப்படுகிறது. கல்லூரிகளின் சொந்த வாய்பாடுகளும் உயர்ந்த வருமானத்தில் இதைப் போலவே கணிசமான பங்கைக் கேட்கின்றன. 68,000 டாலர் கூடுதல் வருமானத்தை இட்டால் உங்கள் 31,000 அங்கேயே நிற்காது என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

வேலை இழப்பைக் கல்லூரி கணக்கில் எடுக்காது என்று நான் சொல்லவில்லை. சிறப்புச் சூழ்நிலைகளில் வருமானத்தைத் திருத்திப் பார்க்கும் அதிகாரத்தை உதவி அலுவலர்களுக்குச் சட்டமே அளிக்கிறது, வேலை இழப்பு அதற்கு மிக வழக்கமான காரணம். ஆனால் அது அவர்களுடைய விருப்புரிமை. வேலை நீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலையின்மை உதவித்தொகை பெற்றிருந்தால் அதற்கான சான்று, ஆண்டு முழுவதற்குமான வருமான மதிப்பீடு ஆகியவற்றைக் கேட்பார்கள். சில அலுவலகங்கள் அந்த ஆண்டு முடியும்வரை காத்திருக்கச் சொல்லும். தானாகவே நடந்துவிடும் என்று எண்ணிக் கையெழுத்திடக் கூடாது.

சென்னை வீட்டைக் கால்குலேட்டரில் சேர்த்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. சேர்க்கவில்லை என்றே ஊகிக்கிறேன். குடியிருக்கும் வீட்டை ஃபாஃப்சா கேட்பதில்லை, சிஎஸ்எஸ் புரொஃபைல் கேட்கும். அதைக் கல்லூரிகள் பலவிதமாக நடத்துகின்றன. சில கல்லூரிகள் முற்றாக விட்டுவிடுகின்றன, சில உங்கள் வருமானத்தின் குறிப்பிட்ட மடங்குக்கு மேல் கணக்கிடுவதில்லை, சில முழுவதையும் எடுத்துக்கொள்கின்றன. வாடகைக்கு விட்ட வீடோ எந்த நாட்டில் இருந்தாலும் இரண்டு படிவங்களிலும் முதலீடாகவே காட்டப்பட வேண்டும். அதன் நிகர மதிப்பு ஒரு லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் சொத்தில் ஏறத்தாழ 5 சதவீதத்தை எடுக்கும் வாய்பாடு அதற்கு மட்டும் ஆண்டுக்கு 5,000 டாலர் சேர்க்கும். மாமனார் பெயரில் இருக்கும் சொத்து உங்களுடையதன்று. உங்கள் இருவர் பெயரில் இருப்பது உங்களுடையதே, அதில் யார் குடியிருந்தாலும் சரி. 401-கே ஓய்வூதியக் கணக்கின் இருப்பை ஃபாஃப்சா சொத்தாகக் கொள்வதில்லை, பெரும்பாலான கல்லூரிகளும் தொடுவதில்லை. ஆகவே அதைப் பற்றிய உங்கள் கவலை தேவையற்றது. கும்பகோணத்துக்கு அனுப்பும் பணத்துக்கு ஃபாஃப்சாவில் இடமில்லை. சிஎஸ்எஸ் புரொஃபைலில் விளக்கம் எழுதும் பகுதியில் வங்கி அனுப்புச் சான்றுகளை வைத்துக்கொண்டு எழுதுங்கள், ஏற்பது அவர்கள் விருப்பம்.

இங்கே சற்றுச் சங்கடமான ஒன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. சென்னை வீட்டு வாடகையை அமெரிக்க வரிப் படிவத்தில் காட்டியிருக்கிறீர்களா? வரி நோக்கில் இங்கே வசிப்பவராகக் கருதப்படுபவர் உலகெங்கும் ஈட்டும் வருமானத்தை இங்கே காட்ட வேண்டும். நம்மவர்களில் பலர் "அங்கே வரி கட்டிவிட்டோமே" என்று விட்டுவிடுகிறார்கள். உதவி அலுவலகம் உங்கள் வரிப் படிவத்தையும் சொத்துப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்க்கும். வாடகை வீடு இருக்கிறது, வாடகை வருமானம் இல்லை என்றால் கேள்வி எழும். விட்டுப்போயிருந்தால் சொத்தை மறைப்பது வழியன்று. வரிக் கணக்கைத் திருத்துவதே வழி.

உதவி கேட்பதை மறைப்பது பற்றி

உங்கள் கணவரின் கருத்துக்கு ஓரளவு அடிப்படை உண்டு. மாணவரின் பணத் தேவையைப் பார்க்காமலே சேர்க்கை முடிவு செய்யும் கல்லூரிகளும் இருக்கின்றன, பட்டியலின் கடைசிப் பகுதியில் தேவையையும் பார்க்கும் கல்லூரிகளும் இருக்கின்றன. மகள் விரும்பும் பல்கலைக்கழகம் எந்த வகை என்பது அதன் இணையதளத்திலேயே இருக்கும். எந்த வகையாக இருந்தாலும், உதவி வேண்டாம் என்று குறித்துவிட்டு இடம் கிடைத்த பின் கேட்பது உங்களுக்கு மிகப் பெரிய ஆபத்து. முதலாண்டில் கேட்காதவருக்கு அதன் பின் ஓரிரு ஆண்டுகள் சொந்த மானியம் தருவதில்லை என்ற விதியைப் பல கல்லூரிகள் வைத்திருக்கின்றன. அதைவிட முக்கியமாக, நான் மேலே சொன்ன விடுவிப்பு உதவி கோரியவருக்கே உரியது. கேட்காமல் கையெழுத்திட்டவர் "பணம் போதவில்லை" என்று சொல்ல இடமே இல்லை.

எர்லி டிசிஷனில் இடம் கிடைக்கும் விகிதம் கூடுதலாகத் தெரிவது உண்மை. சில கல்லூரிகள் தம் இடங்களில் பாதியை அவ்வழியில் நிரப்புகின்றன. ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் விளையாட்டுக்காக முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும், பெற்றோர் அங்கே படித்ததால் முன்னுரிமை பெறுவோரும் இருக்கிறார்கள். உங்கள் மகளைப் போன்ற மாணவருக்குக் கிடைக்கும் உண்மையான அனுகூலம் அந்த இரண்டு விகிதங்களுக்கிடையே தெரியும் இடைவெளியைவிடச் சிறியது. அதற்காக நீங்கள் கொடுக்கும் விலை, வேறு கல்லூரிகளின் உதவிக் கடிதங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வாய்ப்பு. ஏப்ரலில் மூன்று கடிதங்கள் கையில் இருக்கும் குடும்பம், "அங்கே இவ்வளவு தருகிறார்களே" என்று காட்டிக் கேட்க முடியும். டிசம்பரில் ஒரே கடிதம் கையில் இருப்பவருக்குக் காட்ட எதுவும் இல்லை.

நவம்பர் 1க்கு முன்

முதல் வேலையாகக் கால்குலேட்டரை இரண்டு முறை நிரப்புங்கள்: ஒரு முறை 2024இன் வருமானத்தோடு, ஒரு முறை 2025இன் மதிப்பீட்டோடு, இரண்டிலும் சென்னை வீட்டைச் சேர்த்து. விடையில் எவ்வளவு மானியம், எவ்வளவு மாணவர் கடன், எவ்வளவு வளாக வேலை என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள், ஏனெனில் மூன்றையும் கூட்டி உதவி என்று காட்டுவது வழக்கம். வாடகைச் சொத்தும் வெளிநாட்டுச் சொத்தும் இருக்கும் குடும்பங்களுக்குக் கால்குலேட்டர் அவ்வளவு துல்லியமானதன்று.

அடுத்து, உதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். முன்கூட்டிய மதிப்பீடு தருவீர்களா, வேலை இழப்பை டிசம்பர்க் கடிதத்திலேயே கணக்கில் எடுப்பீர்களா, வீட்டின் மதிப்பை எப்படி நடத்துகிறீர்கள் என்று கேளுங்கள். மகளின் நான்காம் ஆண்டில், 2029இல், மகனும் கல்லூரிக்குப் போவான். இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் படித்தால் பெற்றோர் பங்கைப் பகுத்த பழைய கூட்டாட்சி விதி 2024-25 முதல் நீக்கப்பட்டுவிட்டது. இந்தக் கல்லூரி தன் சொந்த மானியத்தில் அதைப் பார்க்கிறதா என்பதையும் கேளுங்கள். தொலைபேசியில் பேசினாலும் பதிலை எழுத்தில் பெறுங்கள். நான் அறிந்தவரை, உதவி கேட்டு எழுதும் குடும்பத்தைப் பார்த்து இந்த அலுவலகங்கள் முகம் சுளிப்பதில்லை. இந்தக் கேள்விகள் அவர்களுக்கு அன்றாடம் வருபவை.

இரண்டு எண்களில் பெரிய எண்ணையும் உங்களால் நான்கு ஆண்டுகள் கட்ட முடியும் என்றால், அல்லது சிறிய எண்ணை அலுவலகமே எழுத்தில் உறுதி செய்தால், கையெழுத்திடுங்கள். அக்டோபர் கடைசி வாரம் வரை இரண்டும் நடக்காவிட்டால் நவம்பர் விண்ணப்பத்தை நிறுத்திவையுங்கள் என்பதே என் கருத்து. அந்தப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் எர்லி டிசிஷன் சுற்று இருந்தால், அதன் கடைசி நாள் ஜனவரி தொடக்கத்தில் வரும். கட்டுப்பாடு அதிலும் அதேதான். ஆனால் அதற்குள் 2025இன் கடைசிச் சம்பளச் சீட்டு உங்கள் கையில் இருக்கும், குறைந்த வருமானத்துக்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

கட்டுப்பாடற்ற முன்விண்ணப்பங்களை எர்லி டிசிஷன் பொதுவாகத் தடுப்பதில்லை. உங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில், சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாடில்லாத முன்விண்ணப்பமான எர்லி ஆக்‌ஷனின் கடைசி நாளும் நவம்பர் 1 தான். மாநில மாணவருக்கு அங்கே 2025-26இல் கல்விக் கட்டணமும் பிற கட்டாயக் கட்டணங்களும் சேர்ந்தே 20,000 டாலரை ஒட்டித்தான் வருகின்றன. மதிப்பெண் மிகச் சிறப்பாக இருந்தால் எம்ஐடியையும் நினைவில் வையுங்கள். அங்கே முன்விண்ணப்பம் கட்டுப்படுத்துவதில்லை, வழக்கமான சொத்துகளுடன் இரண்டு லட்சம் டாலருக்குள் வருமானம் உள்ள குடும்பங்களுக்கு 2025-26 முதல் கல்விக் கட்டணம் இல்லை. ஹார்வர்டும் அதே வருமான வரம்பை அறிவித்தது. பிரின்ஸ்டன் அதை இரண்டரை லட்சமாக்கியது. அவை இரண்டும் முன்விண்ணப்பத்தில் வேறு தனியார் கல்லூரிகளுக்கு முன்கூட்டி விண்ணப்பிப்பதைத் தடுத்தாலும், இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இடம் கிடைப்பது அரிது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

விலக நேர்ந்தால்

கையெழுத்திட்டு, இடமும் கிடைத்து, உதவிக் கடிதம் 30,000க்கு மிகவும் மேலே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்றே மறுபரிசீலனை கேட்டு ஆவணங்களை அனுப்புங்கள், பள்ளி கவுன்சிலருக்கும் தெரிவியுங்கள், முன்பணம் கட்டாதீர்கள். பதில் வரும்வரை மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டாம் என்பதற்குக் கல்லூரியின் ஒப்புதலை எழுத்தில் கேளுங்கள். மற்ற விண்ணப்பங்களின் கட்டுரைகள் டிசம்பர் முதல் வாரத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். மனம் உடைந்திருக்கும் பிள்ளையை விடுமுறையில் எட்டுக் கட்டுரைகள் எழுத வைக்க முடியாது. இந்த எண்களை மகளுக்கும் இப்போதே காட்டுங்கள். பணக் கணக்கைப் பிள்ளைகளிடம் மறைத்து, டிசம்பரில் "முடியாது" என்று சொல்லும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாடகைக் கணக்கை இந்த வாரமே வரித் தயாரிப்பாளரிடம் காட்டிவிடுங்கள். அது சரியான பிறகே கால்குலேட்டர், சிஎஸ்எஸ் புரொஃபைல், அலுவலகத்துக்கான மின்னஞ்சல் எல்லாவற்றிலும் ஒரே எண்ணை எழுத முடியும்.